ஒரு மீட்டர், இரண்டு வீடு

அமலாவின் வீட்டுச் சுவரில் மட்டும் எண் இல்லை.

தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் இருந்தது. சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், அதற்குள் ஓர் எண். கோவிந்தம்மாள் வீட்டுக்குப் பதினேழு. சவுரியம்மாள் வீட்டுக்குப் பதினெட்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்த அமலா வீட்டில் ஒரு பெருக்கல் குறி.

தலையில் பாத்திர மூட்டையோடு அமலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளையில் ஆறு மாதம் கல் அறுத்துவிட்டு, விடிகாலை பஸ்ஸில் திண்டிவனத்தில் இறங்கி நடந்து வந்திருந்தார்கள். புருஷன் தேவசகாயம் அரிசி மூட்டையோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். ஏழு வயது ரோஜா முன்னால் ஓடிப்போய்க் கோவிந்தம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பெரிம்மா! சாவி!"

கோவிந்தம்மாள் கையில் சாவியோடுதான் கதவைத் திறந்தாள். நாலைந்து நாளாகவே அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள்.

"வந்துட்டியா? இன்னாடி இப்புடி கறுத்துப் போய்ட்ட?"

"சூளையில பவுடர் பூசிக்கினா கல்லு அறுப்பாங்க? அது கெடக்கட்டும்க்கா. இது இன்னாது, செவுத்துல இன்ட்டு போட்டு வச்சிருக்கானுங்க?"

கோவிந்தம்மாள் ரோஜாவின் கையைப் பிடித்தாள். "மொதல்ல உள்ள வா. கேப்பக் கூழு இருக்குது. புள்ளைக்கு மோர் ஊத்தித் தர்றேன்" என்று ரோஜாவை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதில் சொன்னது சவுரியம்மாள். தெருவில் எந்தச் செய்தியும் தன் வாய் வழியாகத்தான் போக வேண்டும் அவளுக்கு.

"உனுக்குச் சேதியே தெரியாதா? இங்க ஸ்டேடியம் கட்டப் போறாங்க. நம்ம தெரு, பின்னால இருக்கற காலி எடம், எல்லாத்தையும் சேத்து. ஓட்றதுக்கு ஒண்ணு, நீஞ்சுறதுக்கு ஒண்ணு..."

"நீஞ்சுறதுக்கா? குடிக்கவே மூணு நாளைக்கு ஒருக்காத்தான தண்ணி வுடுறான்?"

"அத நீ போய்க் கேளு. நமக்கு மயிலம் ரோட்டுல உள்ள தள்ளி மாடி ஊடு கட்டி வச்சிருக்காங்க. நம்பர் போட்ட ஊட்டுக்கு ஒண்ணு ஒண்ணு."

"நம்பர் போடாத ஊட்டுக்கு?"

சவுரியம்மாள் தெருவின் இந்த முனையைப் பார்த்தாள், அந்த முனையைப் பார்த்தாள். "வேற எந்த ஊடும் அப்புடி இல்லியேம்மா" என்றாள்.

டவுனில் அதை மல்லாட்டைத் தெரு என்பார்கள்; நிலக்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். விதைக்கென்று ஒதுக்கும் மல்லாட்டையை மெஷினில் போட்டு உடைத்தால் பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்துவிடும். தோல் கிழிந்தது முளைக்காது. அதனால் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக இந்தத் தெருவுக்கு வரும். பெண்கள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலால் அழுத்தி உடைப்பார்கள். கோவிந்தம்மாளின் புருஷன் சீனுவாசன் அதே மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மூட்டையைக் கொண்டுவருவதும் பருப்பைத் திருப்பிக் கொண்டுபோவதும் அவனுடைய டிரைசைக்கிள்தான். தெரு முழுக்க மல்லாட்டை ஓட்டுப் புகையில்தான் சோறு வெந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அமலா கண்டமங்கலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், சீனுவாசனின் தம்பி பாதி கட்டிவிட்டுப் போன ஒற்றை அறை சும்மா கிடந்தது. கோவிந்தம்மாள்தான் "இருந்துக்கோ" என்றாள். தேவசகாயம் மேலே தகரம் போட்டான். நடுச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. மீட்டர் மட்டும் கோவிந்தம்மாள் வீட்டில் இருந்தது.

ரோஜா பிறந்து பதினைந்தாம் நாள், தொட்டிலுக்கு அடியில் ஒரு பூரான் கிடந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அமலா அதைக் கயிறு என்று நினைத்துக் கையில் எடுக்கப் போனாள். அன்று சாயங்காலமே கோவிந்தம்மாள் கடப்பாரையால் நடுச் சுவரில் கைநுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மஞ்சள் வயர் ஒன்றை அந்தப் பக்கம் தள்ளினாள். ஒரு பல்பு, அப்புறம் ஒரு ஃபேன். சீனுவாசன் தயங்கியதற்கு, "புள்ள மூஞ்சி தெரிய வேணாமா? போய்யா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இந்த வயர்தான் இப்போது கோவிந்தம்மாளின் கழுத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

போன மாசியில், கழுத்தில் அட்டை தொங்க மூன்று பேர் தெருவுக்குள் வந்தார்கள். ஒருத்தன் கையில் டேப், ஒருத்தன் கையில் நோட்டு. அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துத் தெருவில் கரண்ட் ஆபீஸ்காரர்கள் புகுந்து, சைடு லைன் இழுத்திருந்த இரண்டு வீட்டில் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அட்டையைப் பார்த்ததும் கோவிந்தம்மாளுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. உள்ளே ஓடி, வயரை போர்டிலிருந்து பிடுங்கி, ஓட்டையில் பழைய துணியை அடைத்துவிட்டு வந்து வாசலில் நின்றாள்.

"இந்தப் பூட்டின வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டான் நோட்டு வைத்திருந்தவன். அட்டையில் புகழேந்தி என்று போட்டிருந்தது.

"அதுல யாருமில்லங்க சார்."

"ரொம்ப நாளாவா?"

"ரொம்ப நாளாங்க. சும்மா பூட்டித்தான் கெடக்குது."

எழுதிக்கொண்டான். பெருக்கல் குறி போட்டார்கள். அவர்கள் தெருமுனை தாண்டியதும் கோவிந்தம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். தன் வீட்டையும் அமலா வீட்டையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள்.

வந்தவர்கள் கரண்டுக்கு வரவில்லை, வீடு கொடுக்க ஆள் கணக்கு எடுக்க வந்தார்கள் என்று நாலு நாள் கழித்துச் சவுரியம்மாள் சொன்னாள். தாலுக்கா ஆபீஸ் கேட் வரைக்கும் கோவிந்தம்மாள் இரண்டு தரம் போனாள். உள்ளே போனால் ஏன் பொய் சொன்னாய் என்பார்கள். வயரைச் சொல்ல வேண்டும். அமலா வரட்டும், ரேஷன் கார்டைக் காட்டினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அமலா கார்டைக் காட்டினாள். கார்டில் கண்டமங்கலத்து விலாசம் இருந்தது.

"ஆறு மாசம் சூளை, ஆறு மாசம் இங்க. எங்கம்மா அங்க அரிசி வாங்கிக்கினு கெடக்கட்டும்னு வுட்டுட்டேங்க" என்று அவள் சொன்னதை ஆபீஸில் பொறுமையாகத்தான் கேட்டார்கள். வர்ற வியாழக்கிழமை விசாரணை. இந்த விலாசத்தில் குடியிருந்ததற்கு ஏதாவது ஒரு அத்தாட்சி கொண்டுவா. கரண்ட் பில் இருந்தாலும் போதும் என்றார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சீனுவாசன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "நீ இன்னா நெனச்சிக்கினு இருக்கன்னு எனுக்குத் தெரியும். வாயத் தொறக்காத. ஒரு மீட்டருக்கு ஒரு ஊடுதாம்பான். நம்ப பதினேழும் பூடும்."

"அவ எங்க போவா?"

"கண்டமங்கலம்."

"அங்க இன்னா இருக்குது? அவங்கம்மா ஊட்டுல ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க முடியாது."

சீனுவாசன் மோர் ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் மழை வருவதுபோல் இறுக்கமாக இருந்தது. அமலாவும் கோவிந்தம்மாளும் வழக்கம்போல் ஒரே மூட்டையை நடுவில் கவிழ்த்துப்போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சூளை மண்ணில் அமலாவின் விரல் நுனி எல்லாம் வெடித்திருந்தது. மல்லாட்டையை அழுத்தும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எவன் சொல்லியிருப்பான்க்கா?"

"இன்னாத்த?"

"யாருமில்லன்னு. அந்த நோட்டு வச்சிருக்கற ஆளு சொல்றாரு, பக்கத்துல கேட்டுத்தான் எழுதினேன்னு. சவுரியம்மா அன்னிக்கி மேல்மருவத்தூர் பக்கம் கல்யாணத்துக்குப் பூட்டாங்களாம். அப்ப யாரு? எவனுக்கு நா இன்னா செஞ்சேன்?"

கோவிந்தம்மாள் கையிலிருந்த மல்லாட்டையை உடைத்தாள். பருப்பு நசுங்கிவிட்டது. விதைக்கு ஆகாது. அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாமல் தரையில் வைத்தாள்.

"நாந்தான்டி சொன்னேன்."

அமலாவின் கட்டைவிரல் நின்றது.

"கரண்ட் ஆபீஸ்காரன்னு நெனச்சிட்டேன். அந்த வாரம்தான் பக்கத்துத் தெருவுல ஃபியூஸ புடுங்கினான். வயரப் பாத்துட்டா ரெண்டு ஊடும் இருட்டாயிடுமேன்னு... வாய்ல வந்துருச்சி. யாருமில்லன்னு வந்துருச்சி."

"மாசியிலயா?"

"ம்."

"இப்ப ஆடி."

கோவிந்தம்மாள் தலையை ஆட்டினாள்.

"போன் போட்டியே பங்குனில. ரோஜாவுக்கு அம்மை வந்துச்சான்னு கேட்ட. மழை பேஞ்சா கல்லு கரைஞ்சிடுமேன்னு கேட்ட. இத சொல்லல?"

"சொல்லல."

"வேற யார்னா இத செஞ்சிருந்தா மயிரப் புடிச்சி இழுத்துக்கினு போயி ரோட்டுல நிறுத்தியிருப்பேன்." அமலா கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "உன்ன இன்னாக்கா செய்யறது?"

மடியிலிருந்த மல்லாட்டை ஓடுகளை உதறினாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சுவர் ஓட்டையில் ஏதோ சரசரத்தது. கோவிந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமிருந்து மஞ்சள் வயர் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்து தரையில் சுருண்டு விழுந்தது. அப்புறம் ஓட்டையில் துணி அடைக்கும் சத்தம்.

"ம்மா, லைட்டு?" என்றது ரோஜாவின் குரல்.

"லைட்டு அவங்களுது."

"ஃபேனு?"

"அதுவும் அவங்களுது. கண்ண மூடிக்கினு படு."

ரோஜா வெகுநேரம் சிணுங்கினாள். துணி அடைத்தாலும் அந்தச் சுவரில் எல்லாம் கேட்கும். கோவிந்தம்மாள் எழுந்துபோய்த் தன் வீட்டு லைட்டையும் அணைத்தாள். சீனுவாசன் தட்டில் கை வைத்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தான். "சோத்தயாவது துன்ன வுடும்மே" என்றான். ஆனாலும் எழுந்து ஸ்விட்சைப் போடவில்லை.

வியாழக்கிழமை காலை கோவிந்தம்மாள் பெட்டியைத் திறந்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து வேறு அட்டைகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே வந்தால் சீனுவாசன் டிரைசைக்கிளோடு நிற்கிறான்.

"மண்டிக்குப் போவல?"

"ஏறு. நடந்து போனா லேட்டாயிடும்."

"பதினேழு பூட்டா?"

"பூட்டா போவட்டும். மூணு நாளா ஊட்டுல இருட்டுல சோறு துன்னுகினு இருக்கறேன். ஜல்தி ஏறு."

விசாரணை நடந்த கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. பக்கத்தில் அதே புகழேந்தி, அதே நோட்டு. அமலாவும் தேவசகாயமும் மேஜைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றிருந்தார்கள்.

"அத்தாட்சி எதுவுமே இல்லைன்னா நான் என்னம்மா பண்றது?" அதிகாரியம்மாவின் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "எட்டு வருஷம் இருந்தேன்னு சொல்றீங்க. ஒரு துண்டுச் சீட்டாவது வேணும்ல?"

"எங்கிட்ட இருக்குதுங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கோவிந்தம்மாள் முன்னே வந்தாள். அமலா திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க யாரு?"

"பதினேழாம் நம்பருங்க. இந்தத் தம்பிகிட்ட அன்னிக்கி யாருமில்லன்னு சொன்னது நாந்தாங்க. பொய் சொன்னேங்க."

புகழேந்தி அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம், இவங்கதான்" என்றான்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"எங்க மீட்டர்லேர்ந்து இவ ஊட்டுக்கு வயர் குடுத்திருந்தேங்க. மாட்டிக்குவோம்னு பயந்துட்டேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்து, கரண்ட் ரீடிங் எழுதும் அட்டையை மேஜைமேல் வைத்தாள். ஒன்றில்லை, மூன்று. ஓரம் நைந்துபோன பழைய அட்டை இரண்டு, இப்போதையது ஒன்று. "எனுக்குப் படிக்கத் தெரியாதுங்க. நம்பரு தெரியும். நீங்களே பாருங்க. வருசா வருசம் தை பொறந்தா பாதியா எறங்கிடும். ஆடிக்கு அப்புறம் பழையபடி ஏறிடும். இவங்க சூளைக்குப் போனா மீட்டரு மெதுவா ஓடும். திரும்பி வந்தா ஜோரா ஓடும். ஏழு வருசமும் அதுல இருக்குது."

அதிகாரியம்மா அட்டையை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். இரண்டாவது அட்டைக்குப் போனார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதை நீங்க எங்கிட்ட காட்டினா கரண்ட் ஆபீஸுக்கு நான் எழுதியாகணும். அபராதம் வரும். ஃபியூஸ் புடுங்குவாங்க. தெரியுமா?"

"தெரியுங்க."

"அதுவுமில்லாம ஒரே மீட்டர், ஒரே சுவர்னா, ரெண்டும் ஒரே குடும்பம்னு எழுதி, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு குடுத்துடலாம். அதுக்கும் வழி இருக்கு."

சீனுவாசன் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தான். கோவிந்தம்மாள் மேஜையை நெருங்கி வந்தாள்.

"ஒரே குடும்பம்னு எழுதிக்கோங்க. நா வேணான்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அடுப்பு ரெண்டுங்க. வந்து பாருங்க."

அப்போதுதான் அமலா திரும்பினாள்.

புகழேந்தி அன்று மத்தியானமே வந்து பார்த்தான். ஒரு கரிபிடித்த அடுப்பு இந்தப் பக்கம், ஒரு கரிபிடித்த அடுப்பு அந்தப் பக்கம். ஓட்டையில் துணியை எடுத்துவிட்டுக் கையை விட்டுப் பார்த்தான். இருபது நாள் கழித்துப் பெயிண்ட் டப்பாவோடு வந்து, பெருக்கல் குறியை அழிக்காமல் அதன் பக்கத்தில் வட்டம் போட்டு '17 அ' என்று எழுதினான். இடைப்பட்ட நாளில் கரண்ட் ஆபீஸ்காரர்களும் வந்து போயிருந்தார்கள்.

ஃபியூஸ் போன அன்று சாயங்காலம் கோவிந்தம்மாள் அடுப்படியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம் வந்து நின்றது.

"கூழு இருக்குதாக்கா?"

"இருக்குது."

"மோரு?"

"அதுவும் இருக்குது."

அமலா மெழுகுவர்த்தியைச் சுவர் ஓட்டைக்குள் நட்டுவைத்தாள். இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி வெளிச்சம் விழுந்தது. "இனிமே எதுன்னாலும் போன்லியே சொல்லிடு. ஆறு மாசம் வச்சிக்கினு இருக்காத" என்றாள். கோவிந்தம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொம்பைத் தேடினாள்.

புரட்டாசி முடிவதற்குள் தெரு காலியாகிவிட்டது. மண் அள்ளும் எந்திரம் முதல் வீட்டில் கை வைத்தபோது லாரியில் ரோஜா எழுந்து நின்று, "இங்க ஓட்றதுக்கு நாம வரலாமா பெரிம்மா?" என்று கேட்டாள். "வராம? நம்ப ஊட்டு மேலதான ஓடப்போறானுங்க. நீ போயி நம்ப அடுப்பு இருந்த எடத்துல நின்னு ஓடு" என்றாள் கோவிந்தம்மாள். லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சவுரியம்மாள் மட்டும் அழுதாள்.

புது இடம் டவுனிலிருந்து பதினோரு கிலோமீட்டர். டிரைசைக்கிளை அவ்வளவு தூரம் மிதிக்க முடியாது. சீனுவாசன் ஷேர் ஆட்டோக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி வாரத்துக்கு இரண்டு தரம் மூட்டை கொண்டுவந்தான். வாசல் என்று ஒன்று இல்லாததால் பெண்கள் மாடிப்படியில் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தார்கள். குலுக்கலில் அமலாவுக்கு மூன்றாவது மாடி விழுந்தது, கோவிந்தம்மாளுக்கு அதே பிளாக்கில் கீழ்த்தளம். நேர் மேலே அல்ல, ஒரு ஜன்னல் தள்ளி.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர். கோவிந்தம்மாளின் மீட்டருக்கு மட்டும் சீல் வைத்திருந்தார்கள். பழைய ஃபைல் முடிகிற வரைக்கும் திறக்க மாட்டார்களாம். சீனுவாசன் நாலு தரம் போய்வந்தான். "இந்த வாரம், அடுத்த வாரம்னு ஒரே பேஜாரு பண்றானுங்க" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் வீசினான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். பிளாக் முழுக்க ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். கோவிந்தம்மாள் வீட்டில் ஒரு சிம்னி விளக்கு. அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஆடியது. கொடிக்கயிறு அறுந்து தொங்குகிறது என்று நினைத்தாள்.

மஞ்சள் வயர்.

"பெரிம்மா! புடி!" மேலேயிருந்து ரோஜா கத்தினாள்.

கோவிந்தம்மாள் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து மேலே பார்த்தாள். மழைத்துளி கண்ணில் விழுந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் அமலாவின் தலையும், தேவசகாயத்தின் கையும் தெரிந்தன. வீடு மாறும்போது அமலா சுருட்டி எடுத்துவந்த பழைய வயர் நீளம் போதாமல் நடுவில் ஒரு கறுப்பு வயரை ஒட்டுப் போட்டிருந்தான்.

"ஏய், வேணாண்டி! எவனாவது வந்துட்டா இன்னாடி சொல்லுவ?"

"கீழ் ஊட்டுல யாரு இருக்காங்கன்னு கேப்பான். அவ்ளோதான?"

"ஆமா, கேப்பான்!"

"யாருமில்லங்க, ரொம்ப நாளா சும்மா பூட்டித்தான் கெடக்குதுன்னு சொல்லிடறேன்!"

படிக்கட்டில் மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்த சவுரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சத்தம் வராமல் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் சீனுவாசன் எட்டிப் பார்த்தான்.

"வயரு நனையுது பாரு, ஜல்தி உள்ள இழு" என்றான்.

அவள் கையை நீட்டி வயரை உள்ளே இழுத்தாள். நடுவில் ஓரிடத்தில், சுவர் ஓட்டைக்குள் ஏழு வருஷம் இருந்த ஒரு சாண் நீளத்துக்கு, செம்மண் அப்பியிருந்தது. முந்தானையால் ஈரத்தை மட்டும் துடைத்தாள். சீனுவாசன் நாற்காலி மேல் ஏறி பல்பு ஹோல்டரில் முனைகளை முறுக்கி டேப்பைச் சுற்றினான். "ஆச்சா? ஆச்சா?" என்று மேலேயிருந்து ரோஜா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கோவிந்தம்மாள் ஜன்னலுக்கு வந்து, அந்த பிளாக்கில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.

"போடுடி!"